கேட்க மாட்டேன் என்று புறப்பட்டவர்

காலை பத்து மணிக்குச் செய்தி வந்தது. விழுப்புரத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்தேன். திண்டிவனத்து மல்லாட்டை மில்லில் அப்பாவோடு வேலை செய்யும் நடராசன் வாசலில் நின்றார். ரயிலுக்குக் காத்திராமல் சைக்கிளிலேயே வந்துவிட்டார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"விடியக்காலையில அப்பா தவறிட்டாரும்மா" என்றார்.

அடக்கம் முடிந்துவிட்டது. அம்மா தூங்குகிறாள். அப்பாவைப் பற்றி எழுத வேறு யாரும் இல்லை.

அவர் பெயர் சவுரிராயன். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. திண்டிவனத்துக்கு வெளியே ரோட்டோரக் குடிசை, மில்லில் கடலை மூட்டை தூக்கும் வேலை, மில்லில் கழித்துப்போட்ட ஒரு பழைய சைக்கிள். இவ்வளவுதான் அவர் சொத்து.

எனக்குச் சிறுவயதில் காய்ச்சல் வந்து இடது கால் சூம்பிப்போனது. ஒன்பது வயதிலும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நகர்வேன். பள்ளிக்கூடம் டவுனில் இருந்தது. 1937இல் அப்பா ஒரு வேண்டுதல் செய்தார். வேளாங்கண்ணி வரைக்கும் என்னைச் சைக்கிளில் கூட்டிப்போய் மாதா முன்னால் நிறுத்துவது. நான் நடக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் வேண்டுதல்காரர்கள் வழியெல்லாம் மடிப்பிச்சை கேட்டுக்கொண்டே போவார்கள். அப்பா அதை இன்னும் கடுமையாக்கிக்கொண்டார். எதையும் வாய் திறந்து கேட்பதில்லை. தானாக யாராவது கொடுத்தால் வாங்கிக்கொள்வது.

"ஏன்யா, திண்டிவனத்துலருந்து கூப்ட்டா மாதாவுக்குக் காது கேக்காதா?" என்றாள் அம்மா.

"நீ சும்மா இரு அம்மணி. கஷ்டப்பட்டுப் போனாத்தான் வேண்டுதல்."

முன்பாரில் சாக்கை மடித்துக் கட்டி என்னை உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டார். வழியைக்கூட யாரிடமும் கேட்கவில்லை. அதனால் புதுச்சேரிக்குப் பிரியும் இடத்தைத் தவறவிட்டு, கடலோரமாய்க் கோட்டக்குப்பத்தில் போய் மணலில் மாட்டினோம். பின் டயர் வெடித்தது. ஒரு வீட்டுக்கு எதிரே வேலியோரம் என்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குப் பசி. அழுதேன்.

எதிர்வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு ஓர் அம்மா வந்தார். நஃபீசா பீவி என்ற பெயர் எங்களுக்குப் பிறகுதான் தெரியும்.

"யாருப்பா அது? அப்பத்துலருந்து குந்திக்கினு கீறே. என்னா வேணும்?"

அப்பா பேசவில்லை.

"ஊமையா?"

"இல்லீங்க."

"அப்போ வாயத் தொறந்து கேளேன்."

"கேக்கக் கூடாதுங்க. வேண்டுதல்."

அந்தம்மா என்னைப் பார்த்தார். "வேண்டுதல் உனக்கா, புள்ள வயித்துக்கா?"

அப்பா துண்டால் என் முகத்தைத் துடைத்தார்.

"ஏங்க, ஜல்தியா வாங்க" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "பிச்சை எடுக்கக்கூட கௌரவம் பாக்கற ஆளு ஒண்ணு வந்து கீது. பெரிய பேஜாரு."

அன்று சோறும் மீன் குழம்பும் சாப்பிட்டு அவர்கள் வீட்டு முன்கூடத்தில் படுத்தோம். அவருடைய கணவர் யூசுப் அலி பினாங்கில் வியாபாரம் செய்து திரும்பியவர். காலையில் டயருக்குள் பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்து ஒட்டுப்போட்டார். பிறகு, சக்கரம் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்க்கச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, எனக்கு விளையாட்டாக இருக்கட்டும் என்று பாரில் ஏற்றினார். இடது கால் நழுவி நழுவி விழுந்தது. தம் கைக்குட்டையால் அதைப் பெடலோடு கட்டிவிட்டு, "மிதி தாயி" என்றார்.

வலது காலால் மிதித்தேன். இடது காலும் கூடவே சுற்றியது. பின்சக்கரம் விர்ரென்று ஓடியது.

"நடக்கத்தான் மாட்டேங்குது" என்றார் நஃபீசா பீவி. "ஓட்டுது பாருங்க."

அப்பா சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர் எனக்காக மட்டும் கேட்டார். "புள்ளைக்குத் தண்ணி குடுங்க" என்றால் அவருக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். கடலூரில் உப்பு வண்டிக்காரர் ஒருவர் எங்களைச் சைக்கிளோடு ஏற்றிக்கொண்டார். கொள்ளிடத்தில் ஓடக்காரர் என்னைத் தோளில் தூக்கிக் கரையில் விட்டார். வேளாங்கண்ணியில் அப்பா என்னை மாதா முன்னால் நிறுத்தினார். கையை விட்டார். விழுந்தேன். அவரே தூக்கிக்கொண்டார்.

ஊருக்குத் திரும்பியதும் மில்லில் கேலி செய்தார்கள். "இன்னா சவுரி, மாதா இன்னா சொன்னாங்க?"

"சைக்கிள் கத்துக் குடுக்கச் சொன்னாங்க" என்றார்.

அப்படியே செய்தார். காலைக் கட்டத் தோல்வார் தைத்தார். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடினார். முட்டி தேயாத நாள் இல்லை. பொட்டைப் பிள்ளைக்குச் சைக்கிளா என்று சிரித்தவர்களே, வழியில் நான் விழுந்தால் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். அந்தச் சைக்கிளில்தான் பள்ளிக்குப் போனேன். பிறகு விடுதி, கல்லூரி, இந்த வேலை.

அப்பாவுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. குடிசைக்கு முன்னால் தண்ணீர்ப் பானையும் காற்றடிக்கும் பம்பும் எப்போதும் வெளியே இருக்கும். சைக்கிளில் தூரத்திலிருந்து யாராவது வந்தால், அவர் இறங்குவதற்குள் அப்பா சொம்போடு நிற்பார். "நில்லுங்க, நில்லுங்க. கேக்காதீங்க" என்பார். ஒன்றும் புரியாமல் குடித்துவிட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர்.

என் முதல் சம்பளத்தில் அவருக்கு வேட்டி எடுக்க நினைத்தேன். வேண்டாம் என்றார். "நீ ஒரு தரம் முன்னாடி ஓட்டிக்கினு போ. நான் பின்னாடி வர்றேன். கோட்டக்குப்பத்துல அந்தம்மாகிட்ட காட்டணும்." இந்த ஆவணியில் போவதாக முடிவு செய்திருந்தோம். எனக்கென்று ஒரு பழைய சைக்கிள் வாங்கி, ஓய்வு நாளெல்லாம் துருவைச் சுரண்டிப் பச்சை வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.

ஆவணி பிறந்ததும் நான் போவேன். நடராசன் பின்னால் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பின் மட்கார்டுக்கு மட்டும் இன்னும் வர்ணம் அடிக்கவில்லை.