ஆடிக்காற்றில் லாரி முடிச்சு

ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் கொடைக்கானலில் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு எழுதப்படாத அரசாணை ஒன்று உண்டு. ஸ்வெட்டர் போட்டு ஏரியைச் சுற்ற வேண்டும், நாடு கெட்டுப்போனதைப் பற்றிப் பேச வேண்டும், முழங்காலுக்குத் தைலம் தேய்க்க வேண்டும். நான் வீட்டை மகளிடம் ஒப்படைத்துவிட்டு, முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்றில் மனைவியோடு குடியேறினேன்.

“ஏரியில பெடல் மிதிச்சவரு கடலுக்குக் கெளம்பிட்டாருப்பா” என்றார் மைத்துனர். மகள் அழவில்லை, நிபந்தனை போட்டாள். கடலிலிருந்து ஒரே ஒருமுறை காப்பாற்றச் சொல்லிக் கூப்பிட்டாலும், படகை விற்றுவிட்டு மலையேறி, அந்த வீட்டின் மாடியறைக்கு வந்துவிட வேண்டும். என் மகளல்லவா! சரி என்றோம்.

மூன்றாம் வருட ஆடியில், கன்னியாகுமரிக்குக் கிழக்கே ஒரு மீன்பிடித் துறையிலிருந்து தூத்துக்குடிக்குக் கிளம்பினோம். கரையோரமாக ஒரு பகல் பயணம். அந்த மாதத்தில் மேற்கே மலைகளின் இடைவெளியில் நுழைந்து வரும் காற்று படகைக் கடலுக்குள் தள்ளும் என்பது தெரியும். வானிலை அறிக்கை படித்தேன். போகும் வழியைத் துறையில் எழுதிக் கொடுத்தேன். என் சரிபார்ப்புப் பட்டியலில் ஒன்று விடாமல் டிக் போட்டேன். கயிறுகள் உறுதியாகக் கட்டப்பட்டுள்ளனவா? இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. டிக்.

மனைவி, வெள்ளைப்பூண்டு விளையும் மேல்மலைப் பூண்டிக்காரி. ஒட்டன்சத்திரம் சந்தைக்குப் போகும் மூட்டைகளை லாரியில் வைத்துக் கட்டும் குடும்பத்தில் வளர்ந்தவள். கொண்டை ஊசி வளைவில் கயிறு நெகிழ்ந்தால் லாரி பள்ளத்தில் கிடக்கும். அதனால் அவர்கள் போடும் முடிச்சு இழுக்க இழுக்க இறுகும். சந்தையில் போய் ஆற அமர அவிழ்த்துக்கொள்ளலாம். படகில் அந்த வசதி கிடையாது. பெரிய பாயைத் தூக்கிப் பிடிக்கும் கயிற்றைப் பாய்மரத்தின் அடியிலுள்ள இரும்புக் கொம்பில் சுற்றிவிட்டால் போதும், வேண்டும்போது ஒரு நொடியில் விட்டுவிடலாம். அது வழுக்குகிறது என்று, அதன் மேல் அவள் லாரி முடிச்சும் போட்டிருந்தாள். நான் டிக் போட்டது அதற்குத்தான்.

பத்து மணிக்குக் காற்று வந்தது. கரைமணலை வாரிக்கொண்டு வந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்ததில், கீழே சாம்பார் பாத்திரம் நாங்கள் படுக்கும் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. பாயை இறக்கியாக வேண்டும். சுக்கானை அவளிடம் கொடுத்துவிட்டு, பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு ஊர்ந்துபோனேன். நனைந்த முடிச்சு கூழாங்கல்லாக இருந்தது.

“அவுந்துச்சா?” என்று கத்தினாள்.

“நீ போட்ட முடிச்சு என்னைக்கு அவுந்திருக்கு?”

“டிக்குப் போட்டது யாருங்க?”

கரை மெல்லிய கோடாகிவிட்டிருந்தது. அந்தப் பக்கம் அடுத்த ஊர் இலங்கையில். திரும்பி வந்து வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தேன். படகு கட்டுக்கடங்காவிட்டால் காலம் தாழ்த்தாமல் கடலோரக் காவல் படைக்குத் தகவல் தர வேண்டும் என்பது விதி. விதியில் மாடியறையைப் பற்றி ஒன்றும் இல்லை.

அவள் கேட்டாள்: “அந்த மாடியறைக்கு சன்னல் எங்கன இருக்கு?”

“பின்பக்கம். தண்ணித் தொட்டியப் பாத்து.”

“அப்ப அத வச்சுட்டு சுக்கானப் பிடிங்க.”

பூண்டுத் தாள் அறுக்கும் கத்தியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். வாரை மாட்டினாள். தவழ்ந்தே பாய்மரத்தடிக்குப் போனாள்.

“வேடிக்கை பாக்காம வெரசா காத்துக்கு நேரா திருப்புங்க!”

திருப்பினேன். நாலே இழுப்பு. அறுந்த கயிறு சீறிக்கொண்டு உச்சிக்கு ஓட, பாய் முழுவதும் சரிந்து அவளை மூடியது. பிறகு துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“உசுரோடதான் இருக்கேன். டிக்குப் போட்டுக்கங்க.”

முன்னாலிருந்த சின்னப் பாயை மட்டும் வைத்துக்கொண்டு, இடப்பக்கக் காற்றோடு மல்லுக்கட்டி, கரையை அங்குலம் அங்குலமாகத் திரும்பப் பெற்றோம். யாரும் எங்களைக் கட்டி இழுக்கவில்லை. பொழுது சாயுமுன் தூத்துக்குடியில் எங்கள் நங்கூரத்தை நாங்களே போட்டோம்.

மகளின் அழைப்பு காத்திருந்தது.

“அப்பா, அங்க ஸ்ட்ராங் விண்ட்னு நியூஸ்ல சொன்னாங்க. ஹெல்ப் கேட்டுக் கூப்பிட்டீங்களா?”

முப்பத்தைந்து வருடம் அறிக்கை எழுதியவன், பொய் வரவில்லை. “கூப்பிடல. வயர்லெஸ்ஸ கையில எடுத்தேன்.”

“எடுத்தாலே கூப்பிட்ட மாதிரிதான்பா. ப்ளீஸ், போட்ட வித்துட்டு வந்துருங்க.”

மனைவி போனைப் பிடுங்கினாள். “இந்தா பாரு, எடுத்தது உங்கப்பாதான். வேணும்னா அவர மட்டும் பஸ் ஏத்தி விடுறேன். எனக்கு இங்க சோலி கெடக்கு.”

வைத்துவிட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். என்ன பஸ், எத்தனை மணிக்கு என்று நான் கேட்கவில்லை. புதுக் கயிறு எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டேன்.