முல்லைப் பந்தலில் ஒரு கொண்டைக்காரன்

"…அதுங்க பெத்ததே இல்லன்னு ஆயிப்போச்சி. அப்பறம் அந்தக் கொடியில கைய வெச்சா இன்னா பாவம்?" என்று கேட்டார் என் மாமியார். கையில் காலிக் கூடை. எதிரே கிணற்றடியில் முல்லைப் பந்தல், மொக்கெல்லாம் அவிழ்கிற பதத்தில் நின்றது. விடிந்தால் ஆடிக் கிருத்திகை.

கேள்வி மாமனாருக்கு. அவர் காவடிக்கு மூங்கிலை வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வறுத்த வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். அந்த வீட்டில் நான் எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டுதான் இருந்தேன். பட்டணத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய வருஷம் அது. நானும் என் மனைவியும் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயிலேறி, நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று திருத்தணிக்கு வந்தவர்கள். குண்டும் வந்தபாடில்லை, நாங்களும் கிளம்பியபாடில்லை.

மாமியாரின் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மாசி மாதம் மாமனார் குளிர்காய்ச்சலில் விழுந்து, கண் திறக்காமல் கிடந்தபோது மாமியார் வேண்டிக்கொண்டிருக்கிறார்: மனுஷன் எழுந்து நடந்தால் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுத்து மலையேறுவார், அந்தப் பூவில் ஒன்றுகூடக் கடைத்தெருப் பூவாக இருக்காது, எல்லாம் தன் கையால் தண்ணீர் ஊற்றிய முல்லையாகவே இருக்கும் என்று. மாமனார் எழுந்துவிட்டார். முல்லையும் பூத்துத் தள்ளியது. நடுவில் புகுந்தவை தவிட்டுக்குருவிகள்.

தவிட்டுக்குருவிக்குக் கூட்டமில்லாமல் வாழத் தெரியாது. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும், ஒன்று குதித்தால் எல்லாம் குதிக்கும். "சம்பந்தி வீட்டு ஜனம்" என்பார் மாமியார். அந்த ஜனம் ஆனி மாதம் முல்லைக்கொடிக்குள் கூடு கட்டி, நீலமாக முட்டை வைத்தது. குஞ்சு இருக்கிற கொடியில் பூப்பறிக்கக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். சட்டத்தைப் போட்டவர், காவல் காத்தவர் இருவரும் மாமியார்தான். ஒரு நாள் என் மனைவி தலைக்கு ஒரே ஒரு மொக்கைக் கிள்ளிவிட்டு, அன்று முழுக்கப் பேச்சு வாங்கினாள்.

முட்டை வைத்த சமயத்தில் ஒரு விருந்தாளி வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, தலையில் கொண்டை வைத்த குயில். அது கிணற்று மேட்டில் உட்கார்ந்து குரல் கொடுத்ததுதான் தாமதம், தவிட்டுக்குருவிகள் எல்லாம் கூட்டை விட்டு ஓடிவந்து அதைத் துரத்தின. கொண்டைக்காரன் பாவம் போலப் பறப்பதும் உட்காருவதுமாக இருந்தான். மாமியாருக்கு மனசு கேட்கவில்லை. வந்தவனை வாசலிலே அடிக்கிற வழக்கம் எந்த ஊரில் உண்டு என்று சொல்லிக்கொண்டே, முறத்தைத் தட்டித் தவிட்டுக்குருவிகளை வேலிக்கு அப்பால் விரட்டினார். அந்தச் சந்தடியில் அவன் பெண்டாட்டி பந்தலுக்குள் போய்விட்டு வந்ததை நாங்கள் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

முட்டை பொரிந்தது. தவிட்டுக்குருவியின் சொந்தக் குஞ்சுகள் இறக்கை முளைத்துக் கொடியை விட்டுப் போயின. ஒன்று மட்டும் போகவில்லை. வேலிவரை பறந்து பார்க்கும், பசித்தால் முல்லைக்கே திரும்பிவந்து வாயைத் திறக்கும். வயிறு வெளுத்து வாலும் நீண்டது. ஊட்டுகிறவர்களைவிட ஊட்டப்படுகிறவன் பெரியவனாகிவிட்டான். பெரியம்மா சித்தப்பா என்று முறை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு புழுவோடு வரிசையில் நின்றார்கள். மாமியாருக்குப் பெருமை தாங்கவில்லை. தன் கொடியின் ராசி என்றார்.

கிருத்திகைக்கு முதல் நாள் அந்தியில்தான் குஞ்சின் தலையை உற்றுப் பார்த்தார். சின்னதாக ஒரு கொண்டை.

"இந்தக் கொண்டைய நான் எங்கியோ பாத்துகீறேன்" என்றார் மெதுவாக. பிறகு முறத்தைப் பார்த்தார். பிறகு, ஏனோ தெரியவில்லை, என்னைப் பார்த்தார். என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நிமிஷம் சட்டம் மாறிவிட்டது. குஞ்சு இருக்கிற கொடி என்றால் சொந்தக் குஞ்சு இருக்கிற கொடி என்று அர்த்தமாம். எவனோ விட்டுப்போனதுக்கு எல்லாம் அது செல்லாதாம். கூடையை எடுத்து வந்து மாமனாரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அப்போதுதான்.

நான் கடலை தின்பதை நிறுத்தினேன். தீர்ப்பு எப்படிப் போகுமோ என்று எனக்கும் கவலையாக இருந்தது. உட்கார்ந்து சாப்பிடுகிறவனைப் பற்றிய வழக்கு அல்லவா.

மாமனார் கயிற்றைப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். "பறிச்சிக்கோ. எனக்கின்னா. ஆனா ஒண்ணு சொல்லிட்டுப் பறி. நாளைக்கி யாருக்குக் காவடி?"

"இது தெரியாதா? மல மேல கீற சாமிக்கி."

"அவர பெத்தவளா பால் குடுத்து வளத்தா? பொய்கையில கெடந்த கொழந்தய எடுத்து வளத்தவங்க ஆறு பேரு, அந்தக் கிருத்திகப் பொண்ணுங்க. அவங்க பேர்ல தான் நாளைக்கி நாளே. அந்தப் பூவ எடுத்துகினு போயி, பெத்தாத்தான் புள்ளன்னு நீயே அவராண்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்."

மாமியார் பந்தலுக்குக் கீழே போனார். குஞ்சு அவரைப் பார்த்தும் வாயைத் திறந்தது. தவிட்டுக்குருவிகள் தலைக்கு மேல் கூடிக் கத்தின. அவர் விரலை நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். பந்தல்மேல் ஆறு இருந்தன. கிணற்று ராட்டினத்தின் மேல் ஏழாவது ஒன்று இருந்தது. அதை மட்டும் "சூ" என்று கையைத் தட்டி விரட்டினார். மற்ற ஆறையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு காலிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலே வாசலைத் தாண்டிக் கடைத்தெருவுக்கு நடந்தார்.