ஜீப்பு குடிக்காத தண்ணீர்

அறுபத்திரண்டோ அறுபத்துமூன்றோ, வருஷம் சரியாக நினைவில்லை. ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊருக்குச் சர்க்காரில் ஒரு குடிதண்ணீர்க் கிணறு அனுமதியாகியிருந்தது. எங்கே வெட்டுவது என்று முடிவு செய்ய அன்றைக்கு ஆபீசர் வருகிறார் என்றார்கள்.

எனக்குக் காலையிலிருந்தே பயம். காரணம் இருந்தது. நாலாம் வகுப்போடு நின்றவள்தான் நான், ஆனாலும் எங்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்தது நான் ஒருத்திதான். முந்தின வாரம் பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை ஒரு தாளை நீட்டி, "இங்க போடு" என்றார். ஏன் எதற்கு என்று கேட்கப் பயந்து போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, கிணறு பெரிய வீட்டுத் தோப்பு ஓரமாக வேண்டும் என்று எங்கள் தெருவே கேட்பதாக அதில் எழுதியிருந்தது. வீட்டில்கூட நான் சொல்லவில்லை.

ஜீப்பு எங்கள் தெரு முனையிலேயே புகைந்து நின்றுவிட்டது. ஆபீசர் இறங்கிப் பெரிய வீட்டுக்கு நடந்தார். எந்த அதிகாரி வந்தாலும் அங்கேதான் நாற்காலி, இளநீர், சாப்பாடு. நாங்கள் வாசலுக்கு வெளியே நிற்போம். உள்ளே என்ன பேசினார்கள் என்பது ஜீப்பு போன பிறகுதான் எங்களுக்குத் தெரியவரும்.

டிரைவர் என்னிடம் வந்து, "தங்கச்சி, வண்டிக்கு ஒரு குடம் தண்ணி கெடைக்குமா?" என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். குடத்துக்குள் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதை ஊத்தினா ரேடியேட்டர் அடைச்சுக்கும்மா. மாட்டுக்கு வச்சதா?"

"நாங்க குடிக்கிறதுங்க. ஊருணித் தண்ணி."

பயந்தவளுக்கு வாய் திறந்தால் நிற்காது. கையெழுத்துப் போட்டது, தோப்புக் கதவைச் சாயங்காலமே பூட்டுவது, அங்கே கிணறு வெட்டினால் வயல் வேலை முடிந்து வரும் எங்களுக்கு ஒரு சொட்டும் கிடைக்காது என்பது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, "வாங்க" என்று பெரிய வீட்டு வாசலுக்குள் நேராக நடந்தார். நானும் பின்னாலேயே போய் வாசல் ஓரமாக நின்றேன்.

"சார், இந்தத் தண்ணி வண்டிக்கு ஆகாதுங்க. அந்தத் தெருவில இதைத்தான் குடிக்கிறாங்க."

ஆபீசர் குடத்துக்குள் எட்டிப் பார்த்தார். பெரிய வீட்டு ஐயா சிரித்தார்.

"ஊருணித் தண்ணியில வளந்த ஒடம்புங்க, ஒண்ணும் செய்யாது. தோப்போரமா வேணும்னு அவுகளே எழுதிக் குடுத்திருக்காக. கையெழுத்துப் போட்ட புள்ளையே அந்தா நிக்குது, கேளுங்க."

ஆபீசர் தாளை எடுத்து, "படிச்சுப் பாத்தா போட்டீங்க?" என்றார்.

என் கண் ஐயா முகத்துக்கே போனது. டிரைவர் நகர்ந்து வந்து எனக்கு எதிரே நின்றுகொண்டு மெதுவாகச் சொன்னார். "பதறாதீங்க. வண்டிகிட்ட சொன்னீங்கள்ல, என்னையப் பாத்து அதையே சொல்லுங்க."

அவருடைய காக்கிச் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "படிக்கலைங்க. போடச் சொன்னாக, போட்டேன். கிணறு எங்க தெருவுக்குத்தாங்க வேணும்." தோப்புக் கதவையும் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

ஆபீசர் இளநீரை வைத்துவிட்டு எழுந்தார். "நடங்க, எடத்தைப் பாப்போம்."

ஜீப்பு நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே கிணற்றுக்குக் குறி போட்டார்கள். "வாய் வந்துருச்சாடி ஒனக்கு?" என்றார் ஐயா, நான் அவரைத் தாண்டிப் போகும்போது. அந்த ஒரு சொல்லுக்கு ரெண்டு மாதம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்புறம் கிணற்றில் தண்ணீர் கண்டது, பயமும் கொஞ்சம் குறைந்தது.

மறு வருஷம் அந்த ஜீப்பு அந்த வழியாக வந்தது. ஒரு குடம் இறைத்துக் கொடுத்தேன். டிரைவர் முதலில் தான் ரெண்டு கை அள்ளிக் குடித்துவிட்டு, "இது வண்டிக்கும் ஒத்துக்கும்" என்று சிரித்தார். பெயரைக் கேட்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றாமல் போயிற்று.

இன்றைக்கும் எந்தத் தாளையும் எழுத்துக்கூட்டியாவது படிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. பெரிய மனிதர்கள் முன்னால் யாராவது வாய் வராமல் நின்றால், என் பயத்தோடேயே போய் அவர்கள் கண்ணில் படும்படி எதிரே நின்றுகொள்கிறேன்.