மீன் தராசில் ஏறிய காலை

போன மாசி மாதம், பாகூர் பக்கம் கடலோரத்தில் உள்ள என் புகுந்த வீட்டில் நடந்தவை வரிசையாக:

1. குழந்தை பிறந்த சில வாரங்களில், படுத்தால் மூச்சு முட்டியது. பிரசவத்தோடு இதயம் பலவீனமாகிவிட்டது என்றார் டாக்டர்.

2. உப்பைக் குறை, தண்ணீரை அளந்து குடி, தினமும் காலையில் எடை பார், சட்டென்று ஏறினால் ஆஸ்பத்திரி நர்ஸுக்குப் போன் செய் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

3. பால் ஊறட்டும் என்று மாமியார் கருவாட்டுக் குழம்பு வைத்தார். நான் தொடவில்லை.

4. எடை மிஷின் காணாமல் போனது.

எடுத்து ஒளித்தவர் மாமியார்தான். பச்சை உடம்புக்காரி தினமும் எடை பார்த்தால் கண் பட்டுவிடுமாம்.

“புள்ள பெத்தவ எவளாவது தெனம் தராசுல ஏறுவாளா? இன்னாடி கூத்து இது?”

நான் சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் தரச் சோதனை செய்பவள். அளக்காத எதையும் சரி என்று அனுப்பியதில்லை. சில நாட்களில் செருப்பு வார் காலை இறுக்கியது. பிள்ளை பெற்ற வீக்கம் என்றார் மாமியார். நான் கடற்கரைக்கு நடந்தேன். அங்கே மீன் கூடைகளை எடை போடும் மின் தராசு இருக்கிறது. ஏறி நின்றேன்.

ஏலத்துக்கு வந்த பெண்கள் சிரித்தார்கள். “இந்த மீனு கிலோ இன்னா வெலம்மா?”

“விக்கிறதுக்கு இல்லக்கா. மூச்சு வுடறதுக்கு.”

பின்னாலேயே ஓடி வந்தார் மாமியார். “எறங்குடி, மானம் போவுது!”

“மானம் போனா போவட்டும் அத்த. நான் போவக் கூடாது இல்ல?”

கடைசியாகப் பார்த்ததைவிடக் கிட்டத்தட்ட மூன்று கிலோ அதிகம். அங்கிருந்தே நர்ஸுக்குப் போன் செய்தேன். உடனே வரச் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு உடம்பில் தேங்கிய நீரை வெளியேற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

குழந்தையை மடியில் வைத்திருந்த மாமியார் மெதுவாகக் கேட்டார், “தண்ணியா அது? ஒடம்பு தேறுதுன்னு இல்ல நெனச்சேன்.”

அன்றுதான் அவர் மீதிருந்த கோபம் பாதி போனது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

இன்றைய நிலை இதுதான்: இதயம் ஓரளவு தேறியிருக்கிறது, மாத்திரைகள் தொடர்கின்றன, வேலைக்குப் போகிறேன். அடுத்த பிள்ளை எப்போது என்று கேட்பவர்களிடம், இந்த இதயத்துக்கு இன்னொரு பிரசவம் வேண்டாம் என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறேன். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சத்தமாகச் சொல்வது அடங்காத்தனம் என்றால், அடங்காதவளாகத்தான் உயிரோடு இருக்கிறேன்.