பதினேழாம் பெட்டிக் கல்

என் சித்தி எதையும் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து நம்ப மாட்டாள். கல்லூரியில் கற்களை அடுக்கி வைத்திருக்கும் ஆய்வகத்தில் உதவியாளர். பதினோரு வருடமாகத் தற்காலிக வேலை. கைப்பையில் எப்போதும் உடைந்த பீங்கான் ஓடு ஒன்று கிடக்கும். அதன் சொரசொரப்பான பின்பக்கத்தில் கல்லை உரசினால் விழும் கோட்டின் நிறம்தான் கல்லின் உண்மையான நிறமாம்.

“உங்க சித்தப்பாவை மட்டும்தான் உரசிப் பார்க்காம கட்டிக்கிட்டேன். மாட்டிக்கிட்டேன்” என்பாள்.

திங்கட்கிழமை தணிக்கை. நாற்பது பெட்டியிலும் நாற்பது கல் இருந்தால் சித்தியின் வேலை நிரந்தரமாகும். எட்டாம் வகுப்பை இரண்டு முறை ரசித்துப் படித்த நான், சனிக்கிழமை சாப்பாடு கொண்டுபோனவன், சும்மா இருந்திருக்கலாம். சித்தியை ஏமாற்றிப் பார்க்க, பதினேழாம் பெட்டியில் இருந்த கோதைட் என்ற இரும்புக் கல்லை எடுத்து, வெளியே புதுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் ஒளித்துவிட்டு, அதன் இடத்தில் அடுப்புக்கரிக்கு ஷூ பாலிஷ் போட்டு வைத்தேன். கோதைட் பார்க்கக் கறுப்புத் திராட்சைக் கொத்து. உரசினால் மஞ்சள் பழுப்பு.

சித்தி சாப்பிட்டு வந்து ஒவ்வொன்றாக உரசினாள். பதினேழில் கறுப்புக் கோடு.

“டேய், இது கரி. என் கல்லு எங்கடா?”

சிரித்துக்கொண்டே வெளியே ஓடினேன். மணல் குவியலைக் காணோம். திரும்பி வந்தபோது சிரிப்பும் இல்லை.

“சித்தி... மணலைக் கலவையில போட்டுட்டாங்க. கல்லு தூணுக்குள்ள போயிடுச்சு.”

“எந்தத் தூணு?”

“புதுக் கட்டடத்துல மூணாவது.”

அடிப்பாள் என்று முதுகைத் தயார் செய்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். “பதினோரு வருஷம்டா.” அவ்வளவுதான். அடித்திருக்கலாம்.

அப்போதுதான் அவள் மாணவர்களிடம் ஒப்பிப்பது நினைவுக்கு வந்தது: இரும்புள்ள பாறை காற்றிலும் மழையிலும் சிதைந்தால் கோதைட் வரும், ஊற்று வாயில் படியும், சதுப்பு நிலத்தில் சேரும், பழைய துருவிலும் இருக்கும். ஆண்கள் கழிப்பறைக்குப் பின்னால் கழற்றிப் போட்ட இரும்புக் குழாய் கிடந்தது. இரண்டு மணி நேரம் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஆணியாலும் நகத்தாலும் சுரண்டி, உள்ளங்கை அளவு கட்டி ஒன்றைப் பெயர்த்தேன்.

சித்தி உரசினாள். மஞ்சள் பழுப்பு. தூளைக் கரண்டியில் போட்டுச் சூடாக்கினாள். சிவந்தது.

“உள்ளே இருக்கிற தண்ணி போனா சிவந்துடும். சூடேறினா உங்கம்மா சிவக்கிற மாதிரி.”

திங்களன்று தணிக்கைக்கு வந்த அதிகாரி, பதினேழாம் பெட்டியில் சித்தி எழுதி ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். “கிடைத்த இடம்: ஆண்கள் கழிப்பறைக் குழாய்... என்னம்மா இது?”

“உண்மைங்க சார். பழைய கல்லு தூணுக்குள்ள இருக்கு. இது துருல விளைஞ்சது. சந்தேகம்னா உரசிப் பாருங்க.”

உரசினார். கோட்டைப் பார்த்தார். பிறகு விரலை முகர்ந்து பார்த்து, அவசரமாகக் கையெழுத்துப் போட்டார். வேலை நிரந்தரம்.

அவர் போனதும் சித்தி என் கையைப் பிடித்து இழுத்து, நகத்தை ஓட்டில் தேய்த்தாள். எத்தனை சோப்பு போட்டும் போகாத துரு, மெல்லிய மஞ்சள் பழுப்புக் கோடாக விழுந்தது.

“பரவாயில்லடா, உள்ளுக்குள்ள கரி இல்ல” என்றாள். பிறகுதான் அடித்தாள்.