என் தட்டோரம் கிடந்த சினை

குழம்பில் மீன் சினை விழுந்தால் இன்றும் தட்டோரம் தள்ளி வைக்கிறேன். எடுக்க ஆளில்லை. தங்கை வாக்கப்பட்டுத் தூரத்தில் இருக்கிறாள்.

ராயபுரத்தில் இருந்தபோது அந்த ஒரு துண்டுக்குத்தான் எங்கள் சண்டை. என் தட்டிலிருந்து பிடுங்குவாள். தலையில் குட்டுவேன்.

ஒரு தவக்காலத்தில் அவள் ஒருசந்தி பிடித்தாள். நாளுக்கு ஒருவேளைச் சோறு. எல்லா வீட்டிலும் உள்ளதுதான். ஈஸ்டர் வந்தது, நாங்கள் கறி தின்றோம். அவள் விடவில்லை. ஒருவேளைச் சோறு ஒரு பிடியாயிற்று. பிறகு கஞ்சித் தண்ணீர். போதும் என்று பங்குச் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை. தெருப் பெண்கள் அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அர்ச்சிஷ்டவள், புனிதை என்றார்கள். அம்மாவுக்கும் பெருமை. தங்கையின் வளையல் முழங்கை தாண்டி ஏறியது.

மாதா கோயில் படியில் விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம்.

இது பக்தியில்லை, நோய் என்றார் டாக்டரம்மா. வீட்டில் அவளோடு யார் சேர்ந்து சாப்பிடுவது என்று கேட்டார். நைனா துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்து தனியாகத் தின்பார். நான் ஷிப்டு முடிந்து வந்து தின்பேன். அம்மா கடைசியில், அடுப்படியில், சட்டியிலேயே. மருந்து கொஞ்சம்தான், மீதி நீங்கள்தான் என்றார் டாக்டரம்மா. கூட உட்காருங்கள். கெஞ்ச வேண்டாம், புகழ வேண்டாம், தட்டைப் பார்க்க வேண்டாம்.

உட்கார்ந்தோம். அம்மா வாய்க்கு ஒருதரம் எழுந்து ஓடினாள். நைனாவுக்குப் பேச்சு வராது. கோதுமைக் கப்பலில் ஒரு எலி மேஸ்திரியின் வேட்டிக்குள் புகுந்ததைச் சொன்னார். அது ஒன்றுதான் அவரிடம் இருந்த கதை. மறுநாளும் அதையே சொன்னார். தங்கை சிரித்தாள். சோறு அப்படியே இருந்தது. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். மூட்டை தூக்குவது அதைவிடச் சுலபம்.

கையை ஒற்ற வந்த பெண்களை அம்மாவே வாசலில் மறித்தாள்.

"எம்பொண்ணு அர்ச்சிஷ்டவ இல்ல. ஒடம்பு சரியில்லாம கீது. போய் உங்க வூட்டு அடுப்பப் பாருங்க."

சினை கிடைத்தபோதெல்லாம் ஓரத்தில் வைத்தேன். ஒரு விரல் வராதா என்றிருக்கும். வராது. ஆறிப்போனதை நானே தின்பேன். மண் மாதிரி இருக்கும்.

மழைக்காலத்துக்குள் இரண்டு பிடி, மூன்று பிடி என்று இறங்கியது. சில நாள் அதுவும் இல்லை.

ஒரு மத்தியானம் நைனா எலிக் கதையில் இருந்தார். என் தட்டுக்கு ஒரு விரல் வந்தது. சினையில் பாதி போயிற்று. நைனா கதையை நிறுத்தவில்லை. அம்மா குனிந்துகொண்டாள். நான் என் சோற்றைப் பிசைந்தேன்.

"இன்னாண்ணா, குட்ட மாட்டியா?"

குட்டினேன், மெதுவாக. முடியெல்லாம் கொட்டியிருந்தது. விரலில் எலும்புதான் பட்டது. மீதிப் பாதியை ஓரத்திலேயே விட்டு வைத்தேன்.