தெற்கூர் பிரிந்துபோன கதை

பூமயில் முதல் தடவை ஓடியபோது, அவளைப் பஸ் நிறுத்தத்திலேயே பிடித்துத் திருப்பி ஒப்படைத்தவர்கள் வடக்கூர்க்காரர்கள்.

இராமநாதபுரம் பக்கத்துச் சிக்கல் ஊருக்குக் கிழக்கே, கண்மாய்க்கு இந்தப் பக்கம் வடக்கூர், அந்தப் பக்கம் தெற்கூர். பேர்தான் இரண்டு. ஊர் ஒன்று, அம்மன் கோயில் ஒன்று, ஊர்க்கூட்டமும் ஒன்று. வடக்கே மிளகாயும் நெல்லும் போடும் சின்னச் சம்சாரிகள். தெற்கே சீமைக்கருவேலங்காட்டை வெட்டிக் கரிமூட்டம் போடும் நாலைந்து குடும்பங்கள். அவர்களில் பெரிய கை பாண்டித்துரை.

அவருடைய மூட்டங்களில் முள் வெட்டி, விறகு அடுக்கி, மண் பூசித் தீ வைத்து, கரி அள்ளியவர்களுக்குக் கூலி கிடையாது. கஞ்சிக்கு அரிசி உண்டு, தகரக் கொட்டகை உண்டு. எந்தக் காலத்திலோ அவர்களுடைய பாட்டன்மார் கைநீட்டி வாங்கிய முன்பணத்துக்காக அங்கேயே பிறந்து அங்கேயே செத்தார்கள். பூமயிலும் அங்கே பிறந்தவள். அங்கேயே சோணைமுத்துவைக் கட்டிக்கொண்டாள்.

ஓடின ஆளைப் பிடித்துக் கொடுப்பது என்று ஊர்க்கூட்டத்தில் முன்பே ஒரு பேச்சு இருந்தது. திருவிழாவுக்குப் பாதிச் செலவு தெற்கூர் முதலாளிகள் செய்வது. அதற்காக வடக்கூர் ஒத்துக்கொண்ட பேச்சு அது. அன்று பூமயிலைப் பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு முன்னாலேயே பாண்டித்துரை அவளை மண்வெட்டிக் காம்பால் அடித்தார். கூட நின்ற இராமலட்சுமி என்ற வடக்கூர்ப் பெண் வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடவில்லை.

“நாமதான பிடிச்சுக் குடுத்தோம்? அந்த அடி நம்ம அடிச்ச அடிதான்” என்று புருஷனிடம் சொன்னாள். அவள் புருஷன் காளிராஜ்.

அடுத்த தேர்தலில் காளிராஜ் பஞ்சாயத்துத் தலைவராக நின்றார். அவர் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. இருக்கிற ஆட்களை விட்டுவிடுங்கள் என்றுகூடக் கேட்கவில்லை. கண்மாய்க்கரையில் புதிதாகப் போடப்போகும் மூட்டங்களில் கொத்தடிமை வைக்கக் கூடாது, கூலிக்கு ஆள் வைக்க வேண்டும் என்றார். வடக்கூரில் வேலையில்லாத இளவட்டங்கள் நிறைய. சும்மா உழைக்க ஆள் இருக்கும்போது இவர்களை யார் கூப்பிடுவார்கள்? அந்தக் கோபம் ஓட்டாக விழுந்தது. தெற்கூரில் ஒரு ஓட்டும் வாங்காமல் காளிராஜ் ஜெயித்தார்.

ஓட்டு எண்ணி முடித்த வாரமே பாண்டித்துரை ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்றார்.

“இன்னைக்குப் புது ஆளு வேணாம்பீக. நாளைக்கு இருக்கிற ஆளையும் விடும்பீக. எங்க பொழப்புல கை வைக்கிற கூட்டம் எங்களுக்கு எதுக்கு? தெக்கூரு இனித் தனி ஊரு. எங்க கோயிலை நாங்க கட்டிக்கிறோம்.”

“ஒரு தாய் பிள்ளையா இருந்துட்டோம். பிரியறதுக்கு ஒத்துக்க மாட்டோம்” என்றார் காளிராஜ். அவர் பேசி முடிப்பதற்குள் தெற்கூர்க்காரர்கள் வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதையெல்லாம் பூமயில் கேள்விப்பட்டாள், ஆனால் அவளுக்கு வேறு பயம். மகள் மதுமதிக்குப் பத்து வயது. பாண்டித்துரை அவளைப் பரமக்குடியில் இருக்கும் தன் மகள் வீட்டுக்கு வேலைக்கு அனுப்பப்போவதாகச் சொல்லிவிட்டார்.

“நீ பிள்ளையைக் கூட்டிக்கிட்டுப் போ. ரெண்டு பேரும் போனா உடனே தெரிஞ்சுரும். நான் பின்னாடி வாரேன்” என்றான் சோணைமுத்து.

விறகு பொறுக்கப் போவதுபோல் போய், கண்மாயைச் சுற்றி வந்து, பூமயில் இராமலட்சுமி வீட்டு வாசலில் நின்றாள். “இந்தத் தடவையும் குடுத்துருவீகளாக்கா?” என்று கேட்டாள். இராமலட்சுமி பிள்ளையின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டாள்.

தெற்கூர் ஆள் அனுப்பியது. காளிராஜ் தர முடியாது என்றார்.

இரண்டு பக்கத்துக்கும் குடிதண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை தெற்கூர் மண்ணில் இருந்தது. சாவி வடக்கூர்க்காரரிடம். ஆளைத் தர மாட்டாய் என்றால் எங்கள் மண்ணில் இருக்கும் அறையைக் காலி பண்ணிச் சாவியைக் கொடு என்றது தெற்கூர். காளிராஜ் அங்கே காவலுக்கு இரண்டு பேரை உட்காரவைத்தார். மறுநாள் காலையில் அவர்கள்மேல் முதல் கல் விழுந்தது. மத்தியானத்துக்குள் கண்மாய்க்கரை முழுக்க அரிவாளும் கம்புமாக ஆட்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் ஐந்து பேர் செத்திருந்தார்கள். காளிராஜின் தம்பி அதில் ஒருவன், பாண்டித்துரையின் மருமகன் ஒருவன்.

இன்னொருவன் சோணைமுத்து. முதலாளிமார் எல்லாரும் சண்டைக்குப் போன நேரத்தில், கொட்டகைகளில் இருந்தவர்களைத் திரட்டிக்கொண்டு கண்மாய்க்குள் இறங்கி வடக்கே வந்திருக்கிறான். முள் வெட்டும் அரிவாள் கையில் இருந்தது. கரி அப்பிய உடம்போடு தெற்கிலிருந்து ஒரு கூட்டம் ஓடிவருவதைப் பார்த்த வடக்கூர்க்காரர்கள், அடிக்க வருகிறார்கள் என்று நினைத்துக் கல்லெறிந்தார்கள். “நாங்க ஓடி வாரோம்யா, ஓடி வாரோம்” என்று அவன் கத்தியது யார் காதிலும் விழவில்லை. ஒரு கல் நெற்றியில் பட்டது.

பிறகு அதிகாரிகள் வந்தார்கள். பூமயிலுக்கும் மற்றவர்களுக்கும் விடுதலைச் சான்றிதழ் கொடுத்தார்கள். பாண்டித்துரை சிறைக்குப் போய் ஜாமீனில் திரும்பி வந்தார். விடுதலையானவர்களில் சிலர் போக இடம் தெரியாமல் மறுபடி அவர் மூட்டத்துக்கே போனார்கள். இப்போது அதற்குப் பெயர் கூலி வேலை.

பூமயில் வடக்கூரில் தங்கி மிளகாய்த் தோட்டங்களுக்குக் களையெடுக்கப் போனாள். சிலர் அவளைக் கூப்பிடுவதில்லை. காளிராஜின் தம்பி பொண்டாட்டி ஒருநாள் குழாயடியில் மறித்துக்கொண்டாள்.

“உன் ஒருத்தியாலதான்டி எந்தாலி போச்சு.”

“எந்தாலியும் அன்னைக்குத்தான் போச்சு” என்றாள் பூமயில். “எம்புருசனை அடிச்ச கல்லு இந்தப் பக்கத்துக் கல்லு. நான் யாரையாவது கேட்டேனா?”

அந்தப் பெண் குடத்தை வைத்துவிட்டு அழுதாள். பூமயில் அழவில்லை. தன் குடம் நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள். அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்ததும் மதுமதியைக் கூட்டிக்கொண்டு கீழக்கரைக்குக் குடிபோய்விட்டாள். அங்கே ஒரு வீட்டில் சமையல் வேலை. சம்பளம் மாதா மாதம் கைக்கு வருகிறது. அடுப்புப் புகை கிளம்பினால் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வருவாளாம்.